பிரஸ்ஸல்ஸ் அறிவிப்பைக் கோப்பு படிப்பதுபோல் படியுங்கள்

செய்தித்தாளில் ‘மத்திய ஆசியாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1,200 கோடி யூரோ’ என்று தலைப்பு வந்தால், தொகையைக் கடைசியாக எழுதுங்கள். இந்தத் தாளை யார் வெளியிட்டார்கள், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பணம் எந்த வகை, வேலை யாருடைய இடத்தில் நடக்கப்போகிறது என்ற நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பார்த்தால் பாதி சமயம் அந்தத் தொகையே வேறு மாதிரி தெரியும்.

நான் பொதுப்பணித் துறைக் கோட்ட அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். வேலை முழுக்க திருவாரூர், மன்னார்குடி பக்கம்தான். வெண்ணாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு என்று ஆற்றுக்கரை, மதகு, ரெகுலேட்டர் பில்கள்தான் என் மேசைக்கு வந்தவை. இப்போது எங்கள் தெருவில் யு.பி.எஸ்.சி., குரூப் 1 படிக்கிற பிள்ளைகள் சாயங்காலம் நோட்டும் கையுமாக வருகிறார்கள். “அத்தை, இந்த குளோபல் கேட்வே, ஐமெக் எல்லாம் எப்படி ஞாபகம் வெச்சுக்கிறது?” என்று கேட்கிறார்கள். குளோபல் கேட்வே என்பது வெளிநாடுகளில் உள்கட்டமைப்புக்கு முதலீடு திரட்டும் ஐரோப்பிய ஒன்றியத் திட்டம், ஐமெக் என்பது இந்தியாவிலிருந்து மத்தியக் கிழக்கு வழியாக ஐரோப்பா போகும் வழித்தடம். ஞாபகம் வைக்க வேண்டாம், கோப்பு புரட்டுகிற மாதிரி புரட்டுங்கள் என்கிறேன். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யார் கையெழுத்து?

பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியம் ஒரே ஆள் இல்லை. திட்டத்தை எழுதுவதும் நிர்வாகம் செய்வதும் ஐரோப்பிய ஆணையம். அதன் தலைவர் உர்சுலா வான் டெர் லயன். 27 நாடுகளின் தலைவர்கள் கூடுவது ஐரோப்பிய கவுன்சில். அதற்கு 2024 டிசம்பரிலிருந்து தலைவர் அன்டோனியோ கோஸ்டா. துறை அமைச்சர்கள் கூடும் கவுன்சில் வேறு. வெளியுறவைப் பார்ப்பவர் உயர் பிரதிநிதி. 2018-இல் இந்தக் கதை தொடங்கியபோது அந்தப் பதவியில் ஃபெடரிகா மொகரினி இருந்தார், பிறகு ஜோசப் பொரெல் வந்தார், இப்போது காயா கல்லாஸ். வர்த்தக ஒப்பந்தம் என்றால் ஐரோப்பிய நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும். கடன் கொடுப்பது லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய முதலீட்டு வங்கி. இவை போதாதென்று ஜெர்மனிக்குத் தனியாக கே.எஃப்.டபிள்யூ. வங்கி, பிரான்ஸுக்குத் தனியாக ஏ.எஃப்.டி. என்ற வளர்ச்சி வங்கி. இவர்கள் எல்லாருடைய பணத்தையும் ஒரே கூட்டலில் காட்டும்போது ‘டீம் யூரோப்’ என்று பெயர் போடுவார்கள். அந்தப் பெயரைப் பார்த்ததுமே, இது பல கணக்குகளின் கூட்டல் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

‘ஐரோப்பா கொடுத்தது’ என்று மொட்டையாக எழுதினால் நான் அந்த வரியை அடித்துவிடுவேன். எந்த அலுவலகம் என்று தெரியாத பணத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

எந்தக் கட்டம்?

எங்கள் துறையில் ஒரு மதகு கட்ட வேண்டும் என்றால் முதலில் கருத்துரு போகும். அப்புறம் மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், அக்ரிமெண்ட், இடத்தை ஒப்படைப்பது. வேலை நடந்த பிறகுதான் அளவுப் புத்தகம், எம்-புக். அதில் பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் போட்டிருக்கும், ஒரு தாளைக் கிழிக்க முடியாது. அளவைத் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். உதவிப் பொறியாளர் எழுதியதை மேலே இருப்பவர் இடத்துக்குப் போய் மறு அளவு எடுத்துப் பார்ப்பார். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் கணக்குப் பிரிவில் பில் நகராது. கருத்துருவைக் காட்டி யாரும் பணம் வாங்கிவிட முடியாது.

ஐரோப்பியத் தாள்களையும் இந்தப் படியில் வையுங்கள். 2018 செப்டம்பர் 19-இல் ஆணையமும் உயர் பிரதிநிதியும் சேர்ந்து, ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைப்பது பற்றி ஒரு கூட்டு அறிக்கை வெளியிட்டார்கள். போக்குவரத்து, எரிசக்தி, டிஜிட்டல், மனிதத் தொடர்பு ஆகியவை அதன் நான்கு கால்கள். நீடித்து நிற்கக்கூடியது, முழுமையானது, விதிப்படி நடப்பது என்று மூன்று அடைமொழிகளும் உண்டு. இது கருத்துரு. அந்த அக்டோபர் 15-இல் கவுன்சில் அதை ஏற்று முடிவுகள் வெளியிட்டது. மேலிடம் சரி என்றது, அவ்வளவுதான், இன்னும் ஒரு யூரோகூட நகரவில்லை. அதே வாரம் பிரஸ்ஸல்ஸில் ஆசெம் உச்சி மாநாடு நடந்தது. ஆசிய, ஐரோப்பியத் தலைவர்கள் சந்திக்கும் இந்த மேடை 1996-இல் பாங்காக்கில் தொடங்கியது. இன்று 51 நாடுகளோடு ஐரோப்பிய ஒன்றியமும், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் செயலகமும் சேர்ந்து 53 பங்காளிகள். அங்கே பேசலாம், பழகலாம், கூட்டு அறிக்கை போடலாம். கட்டுப்படுத்தும் முடிவு எதுவும் அங்கே எடுப்பதில்லை.

அடுத்த படி கூட்டாண்மை. 2019 செப்டம்பர் 27-இல் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் அப்போதைய ஆணையத் தலைவர் ஜான் குளோட் யுங்கரும் இணைப்புக்கும் தரமான உள்கட்டமைப்புக்கும் ஒரு கூட்டாண்மையில் கையெழுத்திட்டார்கள். இந்தியாவோடு அதே வகைக் கூட்டாண்மை 2021 மே 8-இல் வந்தது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஐரோப்பியத் தலைவர்கள் கூடியிருக்க, கொரோனா காரணமாகப் பிரதமர் காணொளியில் கலந்துகொண்ட கூட்டம் அது. அந்த டிசம்பர் 1-ஆம் தேதி குளோபல் கேட்வே பிறந்தது. அது ஆசியாவுக்கு மட்டுமல்ல, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். 2018-இன் ஆசியத் திட்டம் இதற்குள் கரைந்துவிட்டது என்று சொல்லலாம்.

‘உடன்பாடு எட்டப்பட்டது’ என்பதற்கும் ‘அமலுக்கு வந்தது’ என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்று பார்க்க இரண்டு உதாரணம் போதும். சிங்கப்பூரோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2018 அக்டோபர் 19-இல் கையெழுத்தாகி 2019 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தது. சீனாவோடு முதலீட்டு ஒப்பந்தம் 2020 டிசம்பர் 30-இல் கொள்கை அளவில் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். 2021 மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று நிறுத்திவிட்டது. சீனாவின் ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் மீதான அடக்குமுறைக்காக ஐரோப்பா தடை விதிக்க, சீனா பதிலுக்கு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் மேலேயே தடை போட்டதுதான் காரணம். முதல் தேதியோடு குறிப்பை மூடிவிட்டவர் தேர்வில் தப்பாக எழுதுவார்.

ஐமெக் தாளை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள்

இந்தியா – மத்தியக் கிழக்கு – ஐரோப்பா பொருளாதார வழித்தடம் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதன் புரிந்துணர்வு ஒப்பந்தம் மிகச் சின்னது, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். ஆனால் படித்தவர்கள் குறைவு. 2023 செப்டம்பர் 9, டெல்லி ஜி-20 மாநாடு. கையெழுத்திட்டவர்கள் எட்டுப் பேர்: இந்தியா, அமெரிக்கா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஐரோப்பிய ஒன்றியம். இந்தியாவிலிருந்து வளைகுடா வரை கிழக்குத் தடம், வளைகுடாவிலிருந்து ஐரோப்பா வரை வடக்குத் தடம். கப்பலிலிருந்து ரயிலுக்கு மாறும் சரக்குப் பாதை, அதன் ஓரமாக மின் கேபிள், தகவல் கேபிள், ஹைட்ரஜன் குழாய்.

பென்சிலை எடுத்து இரண்டு இடத்தில் கோடு போடுங்கள். ரயில் எந்தெந்த நாட்டின் வழியாகப் போகும் என்ற வரியில் ஜோர்டானும் இஸ்ரேலும் இருக்கின்றன. கையெழுத்துப் பட்டியலில் இரண்டும் இல்லை. எங்கள் ஊரில் வாய்க்கால் வெட்ட மதிப்பீடு வந்தால் முதலில் பார்ப்பது நில எடுப்பு முடிந்ததா என்றுதான். நிலத்துக்காரர் கையெழுத்து இல்லாத கோப்பு எத்தனை வருஷம் அலமாரியில் கிடக்கும் என்று கேட்டால் எந்த அலுவலக உதவியாளரும் சிரிப்பார்.

இரண்டாவது கோடு கடைசிப் பக்கம். இது அரசியல் ஈடுபாட்டைச் சொல்லும் தாள், சர்வதேசச் சட்டப்படி உரிமையோ கடமையோ உருவாக்காது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அறுபது நாளில் மறுபடி கூடிச் செயல்திட்டமும் காலக்கெடுவும் வகுக்க எண்ணுகிறோம் என்றும் இருக்கிறது. அந்த அறுபது நாள் முடிவதற்குள் அக்டோபர் 7-இல் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியது, காசா போர் தொடங்கிவிட்டது. எந்த அரசு எவ்வளவு போடும் என்று ஒரு தொகைகூட அந்தத் தாளில் கிடையாது. அதற்காக ஐமெக் செத்துவிட்டது என்று எழுதாதீர்கள், அதுவும் தப்புதான். கருத்துரு நிலையில் உயிரோடு இருக்கிறது என்று எழுதுங்கள்.

பணம் எந்த வகை?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. குளோபல் கேட்வே அறிவித்த 300 பில்லியன் யூரோ நம் கணக்கில் 30,000 கோடி யூரோ, 2021 முதல் 2027 வரைக்குமானது. இதை ஐரோப்பிய பட்ஜெட்டிலிருந்து எடுத்து நீட்டும் ரொக்கம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அறிவித்த அன்றே ஆணையம் கொடுத்த பிரிப்பைப் பாருங்கள். உத்தரவாத நிதியம் மூலம் வரக்கூடும் என்று எதிர்பார்க்கும் முதலீடு 13,500 கோடி வரை. ஐரோப்பிய வளர்ச்சி வங்கிகள் திட்டமிட்டிருக்கும் முதலீடு 14,500 கோடி வரை. மானியம் 1,800 கோடி வரை. கூட்டினால் 29,800 வரும், அதை முழுதாக்கி 30,000 என்றார்கள். திருப்பித் தர வேண்டாத பணம் நூற்றுக்கு ஆறு.

உத்தரவாதம் என்றால் என்ன? ஒரு தனியார் நிறுவனமோ வங்கியோ வியட்நாமில் காற்றாலைக்குப் பணம் போட யோசிக்கிறது. நஷ்டம் வந்தால் ஒரு பங்கை நாங்கள் ஏற்கிறோம் என்று ஒன்றியம் சொல்கிறது. அந்தத் தைரியத்தில் முதலீடு வருகிறது, அந்த முழு முதலீடும் ‘திரட்டிய தொகை’ என்று கூட்டலில் ஏறுகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை, உலகம் முழுக்க வளர்ச்சி வங்கிகளின் வழக்கம் இதுதான். ஆனால் கடன், மானியம், உத்தரவாதம் மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதினால் கணக்கு நிற்காது. நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்.

முதலில் சொன்ன 1,200 கோடியை இப்போது பிரிக்கலாம். 2025 ஏப்ரல் 4, உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட், மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளோடு முதல் உச்சி மாநாடு. போக்குவரத்துக்கு 300 கோடி, அரிய கனிமங்களுக்கு 250 கோடி, தண்ணீர், எரிசக்தி, காலநிலைக்கு 640 கோடி, டிஜிட்டலுக்கு 10 கோடி. பத்திரிகைகள் ரயிலையும் கனிமத்தையும் தலைப்பாக்கின. பெரிய துண்டு தண்ணீரும் மின்சாரமும் இருக்கும் பக்கம்தான். ஆரல் கடல் வற்றிப்போன நாட்டில் அது ஆச்சரியமில்லை, ஆற்றுப் பாசன அலுவலகத்தில் இருந்த எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. போக்குவரத்தில் அவர்கள் குறிவைப்பது கஜகஸ்தான், காஸ்பியன் கடல், அஜர்பைஜான், ஜார்ஜியா வழியாக ரஷ்யாவைத் தொடாமல் போகும் பாதை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு அந்தப் பாதைக்கு மவுசு கூடிவிட்டது. ஆசியானுக்கு 2022 டிசம்பரில் அறிவித்த 1,000 கோடி யூரோவும் டீம் யூரோப் கூட்டல்தான்.

கையெழுத்தான தொகையையும் அறிவித்த தொகையையும் பிரித்துப் பாருங்கள். லக்னோ மெட்ரோவுக்கு ஐரோப்பிய முதலீட்டு வங்கி 45 கோடி யூரோ கடன் என்று 2016-இல் செய்தி வந்தது. அந்த மார்ச் மாத ஐரோப்பிய ஒன்றிய – இந்திய உச்சி மாநாட்டில் கையெழுத்தானது முதல் தவணை 20 கோடி. இது எங்கள் பகுதிப் பில் மாதிரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் எழுதும்போது எது எது என்று தெரிந்து எழுதினால் போதும்.

கடன் என்றால் நம் பக்கமும் அனுபவம் உண்டு. வெண்ணாறு பாசனப் பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் கொடுத்தது. மணிலாவில் இருக்கும் அந்த வங்கியில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி எல்லாம் உறுப்பினர்கள். ஐரோப்பா ஆசியாவில் நுழைய பிரஸ்ஸல்ஸ் ஒன்றுதான் கதவு என்று நினைத்துவிட வேண்டாம்.

விதியும் ஓர் இணைப்புதான்

சாலை, ரயில், கேபிள் இவற்றை மட்டும் எழுதிவிட்டுப் பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். ஐரோப்பாவின் பலமே வேறு இடத்தில் இருக்கிறது. ‘விதிப்படி நடக்கும் இணைப்பு’ என்று அவர்கள் சொல்வது வெறும் அலங்காரமில்லை, நாகப்பட்டினம், வேதாரண்யம், சீர்காழி பக்கம் வனாமி இறால் வளர்ப்பவரைக் கேளுங்கள். இறாலில் தடை செய்த ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று ஐரோப்பியத் துறைமுகத்தில் சோதிப்பார்கள். இந்திய வளர்ப்பு இறாலுக்கு அந்தச் சோதனை அளவை 2016-இல் நூற்றுக்குப் பத்திலிருந்து ஐம்பதாக உயர்த்தினார்கள். இரண்டு பெட்டகத்தில் ஒன்று நின்று சோதனைக்குப் போகும். குளத்துக்காரர் எந்த மருந்தைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பது பிரஸ்ஸல்ஸ் விதி. அந்த விதி வேதாரண்யம் வருவதற்கு ரயில் தேவைப்படவில்லை.

வழியும் பாடாய்ப் படுத்தும். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்க, ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, வாடகை ஏறியது. சூயஸ் பக்கத்துக்கு மாற்று வழி வேண்டும் என்ற பேச்சு ஏன் வருகிறது என்று விளக்க இது போதும். டிஜிட்டலிலும் விதியின் கதைதான். ஐரோப்பியத் தனிமனிதத் தரவுச் சட்டம் 2018 மே 25-இல் அமலானது. உங்கள் நாட்டுத் தரவுப் பாதுகாப்பு போதும் என்ற சான்று ஜப்பானுக்கு 2019-இல் கிடைத்தது, தென் கொரியாவுக்கு 2021-இல்.

பல நாடுகளில் ரயில், துறைமுகம் கட்டப் பணம் கொடுக்கும் சீனாவின் பட்டை – சாலைத் திட்டத்தோடு ஒப்பிடச் சொல்லிக் கேள்வி வந்தால், சீனா வேகம், ஐரோப்பா விதி என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். 2019 மார்ச்சில் அதில் சேர்ந்த இத்தாலி 2023 டிசம்பரில் விலகியதையும், இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 வருஷக் குத்தகைக்குப் போனதையும் எழுதுங்கள். கூடவே, ஐரோப்பியக் கோப்பு நத்தையாக நகர்கிறது என்பதையும் எழுதுங்கள். என் கட்சி ஐரோப்பிய முறைதான், எம்-புக் பார்த்துப் பழகியவள் வேறென்ன சொல்வேன்! ஆனால் பாலம் இன்றைக்கே வேண்டும் என்கிற நாட்டுக்கு என் ருசியால் என்ன பயன்?

நம் கரையிலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள்

கட்டுரைத் தாளுக்கு உள்ளூர் உதாரணம் ஒன்று வைத்திருப்பது நல்லது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். கோட்டை கட்டிக்கொள்ளலாம், மிளகு வாங்கி அனுப்பலாம், ஆண்டுதோறும் கப்பம் கட்ட வேண்டும். டென்மார்க் அரசருக்கு அவர் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்னும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. என் நான்கு கேள்விக்கும் அந்த ஒப்பந்தத்தில் பதில் உண்டு: யார், எந்தக் கட்டம், எந்த வகைப் பணம், எந்த இடம். 1845-இல் டேனிஷ்காரர்கள் அதை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனபோது தரங்கம்பாடிக்காரர்களை யாரும் கேட்கவில்லை. நிலத்தில் இருப்பவர் குரல் தாளில் உண்டா என்று ஐந்தாவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தொடக்க விழாவையும் சேவையையும் பிரித்துப் பார்க்க நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 14-இல் பிரதமர் காணொளியில் தொடங்கி வைத்தார். சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி ஓடியது. ஐரோப்பியத் திட்டத்திலும் ரிப்பன் வெட்டிய தேதிக்குக் கீழே ஒரு வரி காலி விட்டு வையுங்கள், ஓடத் தொடங்கிய தேதிக்கு.

மெயின்ஸ் இரண்டாம் தாளில் 150 சொல் விடை என்றால் இவ்வளவையும் கொட்ட முடியாது. முதல் இரண்டு வரியில் 2018, 2021 இரண்டு தாளையும் வைத்து ஒன்று மற்றொன்றாக மாறியதைச் சொல்லுங்கள். நடுவில் ஒரே ஒரு தொகையைப் பிரித்துக் காட்டுங்கள், 1,800 கோடி மானியம் என்ற எண் போதும். அடுத்து ஐமெக்கில் கையெழுத்து இல்லாத இரண்டு நாடுகள். இந்தியாவுக்கு என்ன லாபம் என்ற பத்தியில் மெட்ரோ கடனும் இறால் விதியும் சேர்ந்து வரட்டும், ஒன்று வரவு, ஒன்று நிபந்தனை.

புதிய உச்சி மாநாடு நடந்து கூட்டு அறிக்கை வந்தால், இணைப்பு பற்றிய பத்தியை மட்டும் எடுத்துப் போன அறிக்கையின் அதே பத்திக்குப் பக்கத்தில் வையுங்கள். ‘வரவேற்கிறோம்’, ‘ஆராய்வோம்’ என்றிருந்த இடத்தில் ‘கையெழுத்தானது’, ‘தொடங்கியது’ என்று மாறியிருந்தால் நோட்டில் புதுப் பக்கம் போடுங்கள். மாறவில்லை என்றால் பழைய பக்கத்தில் தேதியை மட்டும் குறித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள்.